உதவிச் சாளரத்தில் போன காலை

கணினியின் அந்த உதவிச் சாளரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும்.

சண்டைக் காலத்தில் எங்கள் கடலோர நகரின் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை செய்தேன். வைரஸ் தொல்லை பொறுக்காமல் முதலாளி கணினியில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டுவிட்டார். "எல்லாம் உள்ளுக்கையே எழுதிக் கிடக்கு. உதவிச் சாளரத்திலை கட்டளையின்ரை பேரை அடிச்சால் பக்கம் வரும், வாசியுங்கோ" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஆங்கிலக் கையேடு!

ஒருநாள் காலை கடற்றொழிலாளி ஒருவர் வந்தார். படகில் போகிறவர்களின் பெயர்ப்பட்டியலைப் பத்து மணிக்குள் கடற்படைக் காவலரணில் கொடுக்க வேண்டும். தட்டச்சில் இருந்தால்தான் எடுப்பார்கள். தவறினால் அன்றைக்குக் கடல் இல்லை. அடித்து அச்சுக்கு அனுப்பினேன். முதல்நாள் யாருடையதோ நீண்ட ஆவணம் வரிசையின் முன்னால் சிக்கிக் கிடந்தது, பிரிண்டர் அசையவில்லை. முதலாளி சீனன்குடாவுக்குப் போயிருந்தார்.

உதவிச் சாளரத்தைத் திறந்தேன். தெரியாத ஒரு சொல்லுக்கு விளக்கமாகத் தெரியாத மூன்று சொற்கள். அடியில், இவற்றையும் பார்க்கவென்று வேறு பக்கங்களின் பெயர்கள். ஒன்றை அழுத்தினேன், அது இன்னொன்றுக்கு அனுப்பியது, அது திரும்ப முதற்பக்கத்துக்கே. பயண அனுமதிப் பாஸ் எடுக்கப் போனால் கந்தோரில் மேசை மேசையாக அலைய விடுவார்களே, அதே அலட்சியம். சீ! இதை எழுதியவனுக்கு முன்னால் ஒருநாளும் ஒரு மனிதர் மணி பார்த்தபடி நின்றிருக்க மாட்டார்.

"என்ன தங்கச்சி, சோதினைக்கோ படிக்கிறியள்?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

"நான் பொறுப்பன். காவலரணிலை நிக்கிறவன் பொறுப்பானோ?"

கடைசியில் அந்த வரியைக் கண்டேன்: வரிசையில் உள்ள அனைத்தையும் நீக்கும் கட்டளை. அனைத்தும் என்றால்? அடித்து வைத்த பட்டியலுமா? கடையில் உள்ள எல்லாருடைய கடிதங்களுமா? பக்கம் அதைச் சொல்லவில்லை. அழுத்தவில்லை. பட்டியலைக் கையால், அச்சுப் போலப் பெரிய எழுத்தில் எழுதி, கடை முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். முத்திரை இருந்தால் எடுப்பார்கள் என்று நம்பினேன்.

பதினொரு மணிபோல் அவர் திரும்பி வந்தார். "கையெழுத்து ஏலாதெண்டு சொல்லிப்போட்டாங்கள். மற்றப் படகெல்லாம் போயிட்டுது."

அப்போதுதான் வந்திருந்த முதலாளி அதே வரியை அடித்தார். வரிசை காலியானது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அச்சுக்கு அனுப்பியதும் பட்டியல் வெளியே வந்தது.

"பக்கத்திலை இருக்கே. காணேல்லையோ?"

"காணேல்லை" என்றேன். கையேட்டின்மேல் இருந்த அருவருப்பெல்லாம் அந்த ஒரு சொல்லோடு என்மேல் திரும்பியது.

கடற்றொழிலாளி சூடு ஆறாத தாளை எடுத்து, ஐந்து பெயர்களையும் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். "நாளைய திகதியைப் போட்டுத் தாங்கோ தங்கச்சி" என்றார்.