தொண்ணூற்றைந்தும் இரண்டு கஸ்கெற்றும்

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வாகன விதிகளில் ஒன்று: ‘வாகனத்தின் கைநூலில் சொல்லப்பட்ட ஒக்டேன் அளவுக்கு ஏற்ற பெற்றோலே நிரப்பப்படல் வேண்டும்.’ தெளிவான விதி. அதனால்தான் ஒருவரும் வாசிப்பதில்லை.

கிளிநொச்சியில் நான் போக்குவரத்து உத்தியோகத்தராக இருந்த கடைசிக் காலத்தில் சங்கத்திடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. கைநூலில் தொண்ணூறு ஒக்டேன். பம்பில் கிடைப்பது 92, 95. ஆகவே 92 போதும். புதிதாக வந்த பொது முகாமையாளருக்கு அது போதவில்லை.

“பழைய கார் ஐசே. வயசு போன ஆளுக்கு முட்டைக்கோப்பி குடுக்கிறேல்லையே? 95 அடியுங்கோ.”

“92 காணும், சேர்.”

“ஓட்டோக்காரரோட 92 பம்பில நிண்டால் சங்கத்தின்ர மரியாதை என்னாகிறது?”

ஒக்டேன் என்பது பெற்றோலின் சத்து அல்ல, பொறுமை. எஞ்சினுக்குள் நெரிபடும்போது, தீப்பொறி வரும்வரை தானாக வெடிக்காமல் காத்திருக்கும் பொறுமை. அதிகம் நெரிக்கும் எஞ்சினுக்கு அதிகப் பொறுமை வேண்டும். மற்றதற்கு 95 ஊற்றுவது காய்ச்சல் இல்லாதவனுக்குக் குளிசை கொடுப்பது. இதை விளக்கினேன். முகாமையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

95 அடித்தோம். கனகராயன்குளம் தாண்டுவதற்குள் நெல் லொறிகளும் எங்களை முந்தின. குடித்த அளவும் குறையவில்லை. முகாமையாளர் முடிவுக்கு வந்தார்.

“95 அடிச்சும் இழுக்கேல்லை எண்டால் 95 உள்ள போகேல்லை. டிறைவர் உறிஞ்சி விக்கிறான்.”

சாரதி சந்தனம் ஜெயபுரத்துக்காரர். அவருடைய சிறுவயதில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. விசாரணையில் திருட்டென்று முடிவானால் வேலையும் போகும், பெயரும் போகும். காரின் திறப்பை வாங்கிவிட்டு அவரை வாசலில் காவலுக்கு இருத்தினார்கள்.

“ஒரு சொட்டு எடுக்கலீங்க ஐயா,” என்றார். “எடுத்திருந்தா என் தண்ணி மெசினாச்சும் ஓடியிருக்கும்.”

“தடைக் காலத்தில இந்தக் கார் மண்ணெண்ணெயில ஓடினதோ?”

“அப்ப எதுங்க ஐயா ஓடல?”

யுத்த காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் தடை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். மண்ணெண்ணெய்க்குப் பொறுமையே கிடையாது. ஆகவே எஞ்சினின் தலைக்கும் புளொக்குக்கும் இடையில் இன்னொரு கஸ்கெற் தகட்டை வைத்து, நெரிப்பைக் குறைத்து விடுவார்கள். வண்டி ஓடும், இழுவை குறையும், குடி கூடும்.

“வச்சது தெரியும். கழட்டினதா நினைவில்லீங்க,” என்றார் சந்தனம்.

எஞ்சினைத் திறக்கத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். அன்றே எழுதினேன். ஆனால் கஸ்கெற்றின் விளிம்பு வெளியிலிருந்தே தெரியும். குனிந்து பார்க்க அனுமதி தேவையென்று எந்த விதியும் இல்லை. முகாமையாளரைக் கூட்டி வந்து ரோச் லைற்றைக் கையில் கொடுத்தேன்.

“என்ன தெரியுது, சேர்?”

“தகடு.”

“எத்தினை?”

இன்னும் குனிந்தார். கழுத்துப்பட்டி காபரேற்றரில் தேய்ந்தது. “ரெண்டு.”

“ஒண்டுதான் இருக்கவேணும்.”

அவரையே பக்கத்தில் ஏற்றி, டாங்கை நிரப்பி, நான் ஓட்டிப் புளியங்குளம் வரை போய் வந்தேன். 92 தான் அடித்தேன். திரும்பி வந்து மறுபடி நிரப்பியபோது, அவருடைய கண் முன்னாலேயே கார் 95இல் குடித்த அதே அளவைக் குடித்திருந்தது.

“அப்ப இவ்வளவு நாளும் அடிச்ச 95?”

“மரியாதைக்கு, சேர்.”

விசாரணை கைவிடப்பட்டது. திறப்பு சந்தனத்திடம் திரும்பி வந்தது. மன்னிப்பு வரவில்லை, அதற்கு எங்கள் சங்கத்தில் விதி இல்லை.

இளையவர்களுக்குச் சொல்வது இதுதான். பழைய காருக்கு எந்த ஒக்டேன் என்று பம்பில் நிற்பவரைக் கேட்காதீர்கள். கைநூலைப் பாருங்கள். பிறகு, அந்த எஞ்சினுக்குள் இதுவரை யார் என்ன வைத்தார்கள் என்று விசாரியுங்கள். சாரதியைச் சந்தேகிப்பது அதற்கெல்லாம் பிறகு.

தலைமையகத்தின் பதில், சந்தனத்துக்கு மாலை போட்டு வழியனுப்பிய அன்று பின்னேரம் வந்தது. ‘எஞ்சினைத் திறக்க அனுமதி வழங்கப்படுகிறது. அதுவரை 95 ஒக்டேனைத் தொடரவும்.’ வாசித்துக் காட்டினேன். சந்தனம் மாலையைக் கழற்றி மடித்து வைத்தார்.

“பதிலும் மண்ணெண்ணெயிலதான் ஓடி வந்திருக்கு போலங்க ஐயா.”