பூசையில் வைத்த துணி

பொன்னி என் அக்கா ஜோதிலட்சுமியின் இரண்டாவது பெண். அக்காவைக் கோவளத்தில் மீன் விற்கிற குடும்பத்தில் கொடுத்திருந்தோம். பொன்னியைக் கீழ்க்கட்டளையில் கட்டிக்கொடுத்தது நான் பார்த்த சம்பந்தம். அவள் மாமியார் கங்கையம்மாள் மாடம்பாக்கத்துக்காரி. தம்பி மகளை மருமகளாக்க நினைத்திருந்தவள், மகன் அன்பு பிடிவாதம் பிடித்ததால் பொன்னியை ஏற்றுக்கொண்டாள். அதை இன்னும் மறக்கவில்லை.

பெருங்களத்தூர் தாண்டி, கோபு என்பவரின் கம்பெனிக்குப் பொன்னி வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்க, தண்ணி இறங்காத பருத்தித் துணி செய்கிற இடம். தறியிலிருந்து வரும் பருத்தியில் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு இருக்குமாம். அதன் மேல் தண்ணி தடுக்கிற பூச்சு போட்டால் நாலு சலவையில் உரிந்துவிடும். அதற்காக பிளாஸ்மா மிஷின் வாங்கினார்கள். ரெண்டு தகட்டுக்கு நடுவில் ஊதா வெளிச்சம் எரியும். துணி அதற்குள் போய் வந்தால் வழுவழுப்பு போய், பூச்சு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

அதை ஓட்ட வந்த ரெண்டு ஆண்களும் ஷாக்குக்குப் பயந்து நின்றுவிட்டார்கள். பத்தாவது படித்த பொன்னிதான் அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பார்ப்பாள். சொட்டு அப்படியே குண்டாக நின்றால் துணி தயாரில்லை. உடனே உறிஞ்சினால் தயார். ஆபரேட்டர் என்று அடையாள அட்டை கொடுத்தார்கள். எங்கள் வம்சத்தில் மிஷின் ஓட்டுகிற வேலை வாங்கிய முதல் பெண் அவள்தான். கொழுந்தன் குணாவையும் அவளே சொல்லி, பூச்சு போடுகிற இடத்தில் சேர்த்தாள்.

போன வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் பெரிய ஆர்டர் வந்தது. பூசைக்கு ரெண்டு நாள் முன்பே மொத்தத் துணியையும் வெளிச்சத்தில் ஓட்டச் சொன்னார் கோபு. பூச்சு மட்டும் விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்றார். அன்றன்றே பூச்சு போடணும் சார், வைத்தால் பிடிப்பு குறைந்துவிடும் என்று பொன்னி சொன்னாள். பூசையில் வைத்த துணி கெட்டுப்போகுமா என்று அவர் சிரித்தார். சுருள்களை மிஷின் முன் அடுக்கி, சந்தனம் வைத்து, பூட்டிய அறையில் சாம்பிராணி புகை போட்டார்கள்.

விஜயதசமி காலையில் பொன்னி சொட்டு விட்டாள். தண்ணி உறிஞ்சாமல் நின்றது. கோபுவையும் குணாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். மறுபடி வெளிச்சத்தில் ஓட்ட ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டாள்.

"நல்ல நேரம் போய்க்கினு கீது. துணிய எடுத்துக் குடும்மா" என்றார் கோபு.

எடுத்துக் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மூணாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தனையும் திரும்பி வந்தது. பூச்சு பட்டை பட்டையாக உரிந்திருந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று கோபு ஒரு காகிதம் தயார் செய்து, குணா கையிலேயே கொடுத்து அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த வீட்டில் இருந்தேன்.

"நீ கையெழுத்துப் போடலன்னா நானும் நாளைலேந்து வரவேணாம்னுட்டாரு அண்ணி" என்றான் குணா.

"அன்னிக்கி சொட்டு நின்னத நீ பாத்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"பாத்தேன். அதுக்கு இப்போ இன்னா?"

பொன்னி புருஷனைப் பார்த்தாள். அன்பு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கங்கையம்மாள்தான் பேசினாள். ஆம்பளைப் பிள்ளைக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறோம், அவன் வேலை போனால் யார் கொடுப்பார்கள், உனக்குத்தான் புருஷன் சம்பாதிக்கிறானே என்றாள். பொன்னி என் பக்கம் திரும்பினாள். குடும்பம் பெரிசும்மா என்றேன். வேறென்ன சொல்லத் தெரிந்தது எனக்கு.

கையெழுத்துப் போட்டாள். அடையாள அட்டையைக் குணாவே வாங்கிப்போய்க் கொடுத்துவிட்டான்.

அதன் பிறகு ரெண்டு கம்பெனியில் கேட்டாள். பழைய இடத்தில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இப்போது மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் ரெண்டு வீட்டுக்குச் சமைக்கிறாள். பிளாஸ்மா மிஷினைக் குணா ஓட்டுகிறான். தை மாசம் அவனுக்குக் கல்யாணம் முடிந்தது. பெண், கங்கையம்மாளின் அதே தம்பி வீட்டு இளையவள். புதுப்பெண் எழுந்திருக்க நேரமாகுமாம். காலையில் குணாவுக்கு டிபன் கட்டிக்கொடுப்பது பொன்னிதான். அவன் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்.