கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாஸ்தா

சென்னையிலிருந்து வந்த நண்பர் இரண்டே விஷயம்தான் கேட்டார். சிலைகள் பார்க்கவேண்டும், உளுந்தம்பருப்புச் சோறு சாப்பிடவேண்டும். ஆசையில் தவறில்லை. நாள்தான்... பங்குனி உத்திரம். திருநெல்வேலிக்காரர்கள் அன்றைக்கு மியூசியத்துக்கா போவார்கள்? அவரவர் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்கல்லவா பஸ் ஏறுவார்கள்?

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் சிற்ப மியூசியக் கூடத்தில் எங்களையும் காவலாளியையும் தவிர ஆளில்லை. கயிறு கட்டிய ஒரு கருங்கல் சிலை முன்னால் நின்று, அது பத்தாம் நூற்றாண்டா, பதினொன்றா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். 92 நவம்பர் வெள்ளத்தில் பாபநாசத்துக்குக் கீழே ஓர் ஆற்றங்கரைக் கோயில் போய்விட, மணலிலிருந்து எடுத்த சிலை.

அப்போது ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே மஞ்சணை — சாமிக்குப் பூசும் மஞ்சள் கலவை.

“அண்ணாச்சி, இது எங்க சாஸ்தா. கொஞ்சம் பூசிட்டு, அதுலயே துளி வழிச்சு எடுத்துக்கிடுதேன்” என்றார் காவலாளியிடம். “எங்க வீட்டுல அவுக பெரியாஸ்பத்திரியில நெனவில்லாம கெடக்காக. இதை நெத்தியில வச்சா முழிச்சிருவாக.”

“தொடப்படாதுக்கா. போன மாசம் ஒருத்தர் எண்ணெய ஊத்திட்டுப் போயிட்டாரு. இன்னொரு தடவைன்னா என் வேலை போயிரும்.”

“நீங்களும் ஒரு சாஸ்தாவைக் கும்பிடுத ஆளுதான?”

“கும்பிடுதேன். அவரு கோயில்ல இருக்காரு. இவரு இங்கனல்லா இருக்காரு.”

நானும் சொல்லிப் பார்த்தேன். காவலாளி தலையாட்டவில்லை. அந்தப் பெண் பொட்டலத்தைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் தரையில் வைத்து, விழுந்து கும்பிட்டு, எடுத்துக்கொண்டு போனார். சாமி மேல் படாத மஞ்சணைதான் ஆஸ்பத்திரிக்குப் போனது.

பிறகு வண்ணார்பேட்டையில் ஒரு மெஸ். சுடச்சுட உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல்.

“என்ன அண்ணாச்சி, எலையில அப்படியே இருக்கு? உப்புக் கொறவா?” என்றார் மெஸ்காரர்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

போன வியாழக்கிழமை மறுபடி அந்தக் கூடத்துக்குப் போனேன்... தனியாக. நான் கேட்காமலே காவலாளி சொன்னார்:

“அந்தக்கா காலைல வந்தாக. நெத்தியில பொட்டு இல்ல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சிட்டுதாம். எனக்கு மனசு கேக்கல அண்ணாச்சி. நானே கயித்தை அவுத்துவிட்டு, ‘பூசிக்கோங்கக்கா’ன்னேன். வேண்டாம்னுட்டாக. சாமியப் பாத்து, ‘நீ இங்கனயே இருந்துக்கோ’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக.”

அந்தச் சிலை மியூசியத்துக்கு என்றைக்கு வந்தது என்று யாராவது கேட்டால், போன வியாழக்கிழமை என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.