மலை மேல் போட்ட பழி

1. டிப்ளமோ முடித்ததும் ஊரிலேயே ஒரு கேபிள் டிவி ஆபீஸில் சேர்ந்தேன். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வீடியோ கேசட் மாற்ற வேண்டும், போனில் வரும் புகாரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் வேலை.

2. இரண்டு லைன்மேன்களில் ஒருவர் பெங்களூருக்குப் போய்விட்டார். அந்த இடத்தை எனக்குத் தரும்படி ஓனரிடம் கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். தன் மச்சினனை அதற்கு வரச் சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

3. அதே வாரம் கோயிலை ஒட்டிய ஒரு தெரு முழுக்க டிவியில் படம் இரட்டையாகத் தெரிய ஆரம்பித்தது.

4. போன் செய்தவர்களிடமெல்லாம் மலைதான் காரணம் என்றார் ஓனர். சிக்னல் மலையில் பட்டுத் திரும்புகிறதாம், ஒன்றும் செய்ய முடியாதாம்.

5. மலை காரணம் இல்லை என்றேன் நான்.

திருவண்ணாமலையில் ஒரு விஷயத்துக்கு மலையைக் காரணம் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கோபமாகப் புகார் சொல்ல ஆரம்பித்தவர்கள்கூட "அப்படிங்களா" என்று குரலைத் தாழ்த்தி, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக போனை வைத்தார்கள். எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஓனர் சொன்னது முழுப்பொய் இல்லை. ஆன்டெனாவில் பிடிக்கும் சேனல் என்றால் மலையில் பட்டுச் சுற்றி வரும் சிக்னலும் சேர்ந்து விழலாம். ஆனால் அந்தத் தெருவில் எங்கள் கேசட் சேனலும் இரட்டையாகத் தெரிந்தது. கேசட் ஓடுவது என் மேசையில். அங்கிருந்து ஒயருக்குள்ளேயே வீடுவரைக்கும் போகிறது. நேராகக் கேட்டேன்.

"சார், கேசட் நம்ம ரூம்ல ஓடுது, ஒயர்ல போவுது. அதுல மலை எப்படி சார் வரும்?"

"ஏம்மா, மலைய கொஞ்சம் தள்ளி வெக்கப் போறியா?"

"தள்றதுன்னா என்னையும் கூப்புடும்மா, ஏணி எடுத்தாறேன்" என்றார் மிச்சமிருந்த லைன்மேன் அண்ணன். இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"கோளாறு நம்ம லைன்ல. நான் கண்டுபுடிச்சா அந்த வேலை எனக்குத் தருவீங்களா?"

"மொதல்ல கண்டுபுடி."

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. டிரான்ஸ்மிஷன் லைன் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியது பிளாஸ்டிக் கேசட்டை உள்ளே தள்ளி வெளியே எடுப்பதற்காக அல்ல.

மறுநாள் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒரு குருக்கள் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு மாமிதான் அதிகமாக போன் செய்தவர். சுவாமி புறப்பாட்டை எடுத்த கேசட் அன்றும் எங்கள் சேனலில் ஓடிக்கொண்டிருந்தது.

"நீயே பாரு. ரிஷபத்துக்கு நாலு கொம்பு! ஆத்துல மாமா பாத்துட்டு ரெண்டு நாளா எங்கிட்ட பேசலை, நான் என்னமோ கொம்பு மாட்டி விட்டாப்ல."

நான் திரையில் ஸ்கேலை வைத்தேன்.

"என்னடிம்மா, டிவிக்கு ஜாக்கெட் தைக்கப் போறயா?"

டிவியில் படம் இடமிருந்து வலமாக, கோடு கோடாக வரையப்படுகிறது. சிக்னலில் ஒரு பங்கு தாமதமாக வந்தால், அது அதே படத்தைச் சற்று வலப்பக்கம் தள்ளி மங்கலாக வரையும். எவ்வளவு தள்ளி என்று அளந்தால் தாமதம் தெரியும். தாமதம் தெரிந்தால், அந்தப் பங்கு எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்று தெரியும். மலைக்குப் போய் வந்திருந்தால் இரண்டாவது கொம்பு நாலு விரலாவது தள்ளி நின்றிருக்கும். அது அரை சென்டிமீட்டர்தான் தள்ளியிருந்தது. அந்தத் தெருவுக்கு லைன் பிரியும் ஜாயின்ட்டிலிருந்து அந்தப் பங்கு ஏறக்குறைய அறுபது மீட்டர் ஒயருக்குள் போய்த் திரும்பி வருகிறது என்றது கணக்கு.

ஜாயின்ட் இருந்த கம்பத்துக்கு லைன்மேன் அண்ணனை அழைத்துப் போனேன். அங்கிருந்து ஒரு ஒயர் மொட்டைமாடிகள் வழியாக ஒரு லாட்ஜுக்குப் போனது. தூரமும் ஏறக்குறைய அதுதான்.

"அது செத்த ஒயரும்மா. லாட்ஜ்ல சொந்தமா டிஷ் வெச்சுக்கினாங்க. போன வாரமே கட் பண்ணிட்டேன்."

"எந்தப் பக்கம் கட் பண்ணீங்கண்ணா?"

"லாட்ஜ் மாடில. அதுக்குன்னு கம்பம் ஏறுவாங்களா? நாளைக்கே திரும்ப வேணும்னு வந்தா அங்கயே ஒட்டிக்கலாம்."

எங்கள் ஊர் கேபிள்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். கனெக்ஷன் வேண்டாம் என்றால் வீட்டுப் பக்கத்தில் நறுக்கிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

"முனை காத்துல தொங்குது. அதுல என்னா போவும்?"

"போவுதுண்ணா. போயிட்டுத் திரும்பி வருது."

ஒரு கயிற்றைக் கம்பத்தில் கட்டி மறுமுனையை உதறினால், வளைவு கம்பம்வரை ஓடி நம் கைக்கே திரும்பும். வெட்டி விட்ட கேபிளிலும் அப்படித்தான். முனையில் எடுத்துக்கொள்ள டிவி இல்லை என்றால், வந்த அலை வந்த வழியே திரும்பி, தெரு முழுக்க இன்னொரு முறை போய்ச் சேரும். அதைத் தடுக்க, எங்கள் கேபிளின் அளவான எழுபத்தைந்து ஓமுக்குச் சமமான ரெசிஸ்டரை முனையில் வைக்க வேண்டும். அது அலையை வாங்கிச் சூடாக மாற்றித் தீர்த்துவிடும். எழுபத்தைந்து ஓம் கடையில் கிடைக்கவில்லை. நூற்றைம்பது ஓம் இரண்டை வாங்கிப் பக்கவாட்டில் சேர்த்தால் அதே எழுபத்தைந்து.

லாட்ஜ் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்த முனை தொங்கியது. ரெசிஸ்டர்களைப் பற்றவைத்து டேப் சுற்றினேன். அண்ணன் ஒயரைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது மாமி வாசலிலேயே நின்றிருந்தார். "ரெண்டு கொம்புதான்டி!"

நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது ஓனர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "தெளிஞ்சிடுச்சா? எல்லாம் அண்ணாமலையார் தயவுங்க. நம்ம கையில இன்னா இருக்குது."

கேசட் சேனலின் அடியில் ஓடும் விளம்பர எழுத்தை டைப் செய்வதும் என் வேலைதான். உட்கார்ந்து டைப் செய்தேன்: படம் இரட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம் மலை அல்ல. எங்கள் கேபிளில் மூடாமல் விட்ட ஒரு முனை. இன்று சரி செய்யப்பட்டது. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவே அது ஓடியது.

ஓனர் வெளியே டீக்கடை டிவியில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"சம்பளம் வாங்கிக்கினு என் சேனல்லயே என் மானத்த வாங்குறியா?"

"மலையோட மானத்த நீங்க வாங்குனீங்களே சார்."

"அத எடு மொதல்ல."

"அந்த வேலை எனக்குன்னு சொல்லுங்க, எடுக்கறேன்."

எடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கினார். சேனல் மொத்தமாக நின்றது. போன் மணி அடிக்க ஆரம்பித்தது. அதில் பாதிப் பேர் படம் எங்கே என்றார்கள். மீதிப் பேர், எங்கள் தெருவிலும் அப்படி முனை ஏதாவது தொங்குகிறதா, குருக்கள் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்த பெண்ணை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்கள். அன்று போனை நான் எடுக்கவில்லை. ஓனரே எடுத்து, ஒவ்வொருவருக்கும் அனுப்புகிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

மச்சினன் வந்து சேர்ந்தார். லைன் வேலை அவர் பெயரில் போனது. ஆனால் புகார் வந்தால் போவது நானும் லைன்மேன் அண்ணனும்தான். மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை வரைக்கும் லைனைப் பார்த்து முடித்திருக்கிறோம். வெட்டுகிற ஒயரையெல்லாம் அண்ணன் இப்போது முணுமுணுத்துக்கொண்டே மூடுகிறார். கேசட் மாற்றுவது மச்சினன். அவருக்கு லைன்மேன் சம்பளம், எனக்குக் கண்ட்ரோல் ரூம் சம்பளம். ஒவ்வொரு மாதமும் ஓனரிடம் இதைக் கேட்கிறேன். அவர் இன்னும் மாற்றவில்லை. நானும் கண்ட்ரோல் ரூம் நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை.