ஏலக்காய் ஸ்டோரில் இரண்டு துப்பறிவாளர்கள்

மலையில் நானும் என் கணவரும் தனியாகப் பேச ஓர் இடம் இருந்தது என்றால், அது ஷெட்டில் நின்ற ஜீப்புதான். தோட்டத்து வீட்டில் மூன்று அறைகள். ஒரு சுவரும் கூரையைத் தொடாது. இந்த அறையில் தும்மினால் அந்த அறையிலிருந்து என் கணவரின் அண்ணன், யாருக்குச் சளி என்று கேட்பார். வீட்டில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்போம். தோட்டம், ஜீப்பு, வரவு செலவு, நாங்கள் இரண்டு பேர், எல்லாம் அவர் கையில். கீழே போடியில் இருக்கும் வீடும் இதே லட்சணம்தான். என்ன, அங்கே சுவர் கூரையைத் தொடும்.

அந்த மழைக்கு மலைப்பாதையில் பாறை சரிந்து, மரம் விழுந்து, வழி அடைபட்டுவிட்டது. காய் எடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். கீழே இறங்க முடியாது, மேலே யாரும் வர முடியாது, போனில் டவரும் இல்லை. போனுக்குள் இருந்தது ஒரே ஒரு படம். போடியில் இருந்தபோது இறக்கி வைத்த பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து துப்பறிவார்கள். கொலை ஒரு பக்கம் நடக்கும், இவர்கள் கேலி பேசிக்கொண்டே திரிவார்கள். மத்தியானம் மழை வலுத்ததும் நாங்கள் ஜீப்பில் ஏறி, படுதாவை இறக்கிவிட்டு, ஆளுக்கொரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தோம்.

கொலைகாரன் யாராக இருந்தால் எனக்கென்ன? அந்த ஆள் எதைக் கண்டாலும் முதலில் பெண்டாட்டியின் முகத்தைப் பார்ப்பான். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்பான். எனக்கு அது போதும். என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் கேட்டதெல்லாம் சோறாச்சா, மோட்டாரைப் போட்டாச்சா என்கிற இரண்டு கேள்விகள்தான். அவருக்கு ஆங்கிலம் ஓடாது. இப்ப என்ன சொன்னா, இப்ப என்ன சொன்னா என்று அரித்துக்கொண்டே இருப்பார். நான் பாதி அவள் சொன்னதையும் பாதி என் சொந்தச் சரக்கையும் சேர்த்துச் சொல்வேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த மனுஷனுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதையே நான் அந்த ஜீப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

பாதை அடைபடுவதற்கு முன்பிருந்தே எங்கள் தோட்டத்திலும் ஒரு களவு நடந்துகொண்டிருந்தது. பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், தரையில் இரும்புக் குழாய்கள். வெளியே அடுப்பில் விறகு எரிந்தால் அந்தக் குழாய் வழியே சூடு உள்ளே ஏறும். தீ மூட்டிவிட்டால் கதவைப் பூட்டுவது வழக்கம். நடுவில் திறந்தால் காயின் பச்சை வெளுத்துப்போகும், விலை போகாது. சாவி பெரியவரின் அரைஞாணில் தொங்கும். அப்படி இருந்தும் கடைசி அடுக்கில், உலர்ந்து முடியும் தட்டுகளிலிருந்து காய் குறைந்துகொண்டே வந்திருந்தது.

பெரியவர் ரொம்ப யோசிக்கவில்லை. ஸ்டோரில் தீ பார்த்து, காய் பிரிக்கும் அக்காதான் எடுத்தாள் என்று முடிவு கட்டிவிட்டார். புருஷன் இல்லாதவள். ஸ்டோரை ஒட்டின ஒற்றை அறையில் குடியிருந்தாள். அவள் மகள் கீழே விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கூலியில்தான் அந்தப் படிப்பு. பாதை திறந்ததும் முதல் ஜீப்பில் இறங்கிவிட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். களவாணி என்ற பட்டத்தோடு இறங்கினால் இந்த மலையில் வேறெந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். நான் எடுக்கல மொதலாளி என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அவள் விறகு பொறுக்கப் போய்விட்டாள்.

ஜீப்பில் வைத்து என் கணவரிடம், அக்கா எடுத்திருக்கவே மாட்டாள், யாரென்று நாமே கண்டுபிடிப்போம் என்றேன். உனக்கெதுக்கு இந்தச் சோலி என்பார் என்று நினைத்தேன். படுதாவின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டு, சரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தில் வருகிற மாதிரி நாங்களும் ஒரு ஜோடியாகிவிட்டோம் என்று ஒரு பூரிப்பு. சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது.

மறுநாள் மத்தியானம், அடுப்பு அணைந்து ஸ்டோர் ஆறிக்கொண்டிருந்தது. தட்டுகளைப் புரட்டிவிட்டு அக்கா கதவைச் சும்மா சாத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். திருடன் வந்தால் இப்போதுதான் வருவான் என்று நாங்கள் உள்ளே நுழைந்து கடைசி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அடுக்களையிலிருந்து நான் ஒரு கரண்டியைக்கூட எடுத்து வந்திருந்தேன், ஆயுதத்துக்கு.

வந்தது பெரியவர். கதவிடுக்கில் கையை விட்டு முன்தட்டுக் காயை நசுக்கிப் பார்த்து, இன்னும் ஈரம் போகலை என்று முணுமுணுத்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். இந்த வயதில் ஒளிந்து விளையாடுவதை அவர் பார்த்தால் மானம் போகுமே. கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்தது. வெளியே அக்காவைக் கூப்பிட்டு மறுபடி தீ மூட்டச் சொல்லும் குரல் கேட்டது. வெட்கத்தை விட்டு எழுந்து கத்துவதற்குள் சூட்டைச் சுழற்றும் காற்றாடியின் மோட்டார் உறுமத் தொடங்கிவிட்டது. தகரக் கூரையில் மழை வேறு. நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை.

முதலில் சிரித்தோம். ஏலக்காயோடு சேர்த்து நம்மையும் தரம் பிரிப்பார்கள் என்றார் அவர். பிறகு குழாய்கள் சூடேறின. ஏலக்காய் வாசம் என்று ஊரெல்லாம் மெச்சுகிறார்களே, அந்த வாசம் தொண்டையில் இறங்கி எரித்தது. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியது. கதவடியில் இருந்த சந்தில் மூக்கை வைத்து முறை போட்டு மூச்சு வாங்கினோம். கரண்டியால் கதவைத் தட்டித் தட்டிக் கை மரத்துப்போனது. செத்துப்போவோம் என்று நிஜமாகவே பயந்தேன். அதைவிட, சாகும்போதும் பெரியவர் பூட்டிய கதவுக்குள்ளேயே சாகிறோமே என்று அழுகை வந்தது.

பயத்தை மறக்க நான் துப்பறிந்தேன். காய் உலர்ந்து முடிவது கதவு பூட்டியிருக்கும்போதுதான்; பூட்டையும் யாரும் உடைக்கவில்லை. அப்படியானால் சாவி இருந்தவன்தான் எடுத்திருக்க வேண்டும். பெரியவர் தன் காயைத் தானே திருட மாட்டார். அவர் காயை ஏலத்தில் விற்கப் போடிக்கு இறங்கும் நாட்களில் சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். யாரிடம் கொடுப்பார் என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் தலையைத் தொங்கப்போட்டிருந்தார்.

"நாந்தான்," என்றார். "போடியில தனியா ஒரு வீடு பாத்துவச்சேன். நீயும் நானும் மட்டும். அட்வான்சுக்கு அண்ணங்கிட்டக் கேக்கத் தைரியம் வரல."

எந்த வார்த்தைக்காக நான் இத்தனை வருஷம் ஏங்கினேனோ, அது இப்படி வந்தது. சந்தோஷப்படுவதா, அவரை அந்தக் கரண்டியாலேயே சாத்துவதா? எனக்காக எடுத்தாராம். எனக்காக ஒருத்தி களவாணியாகி மூட்டை கட்டப்போகிறாள்; இவர் என்னோடு உட்கார்ந்து படம் பார்த்துச் சிரித்தார். நீங்களே சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் கதவடிச் சந்துக்குக் குனிந்துகொண்டார். நான் மறுபடி கதவைத் தட்டப் போனேன்.

விறகு தள்ள வந்த அக்காவின் காதில் கடைசியில் அது விழுந்தது. சாவி அவளிடம் இல்லை. திருட்டுப் பழி சுமந்தவள் அந்தப் பூட்டைத் தொட்டாலே போதும், பழி நிஜமாகிவிடும். ஓடிப்போய்ப் பெரியவரைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடவில்லை. விறகு பிளக்கும் கோடாலியை எடுத்து நாலு போடு போட்டாள். பூட்டு தெறித்தது.

சத்தம் கேட்டுப் பெரியவர் ஓடிவந்தார். கையில் கோடாலியும் காலடியில் பூட்டுமாக அவள் நின்றாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று அவர் ஆரம்பிக்கும்போதே நாங்கள் இரண்டு பேரும் தவழ்ந்து வெளியே வந்தோம். அக்கா என் வாயில் தண்ணீர் ஊற்றினாள். நான் என் கணவரையே பார்த்தேன். அந்த மாதிரிப் படங்களில் இது எல்லோரையும் கூட்டி வைத்துக் குற்றவாளியைச் சுட்டிக் காட்டும் இடம். அவர் எழுந்து மழையில் நனைந்தபடி அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, காயை எடுத்தது நான்," என்றார்.

பெரியவர் கத்தவில்லை. தம்பியின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போனார். எங்கிட்டக் கேட்டா நானே குடுத்திருக்க மாட்டேனா என்று அவர் சொன்னது கூரையைத் தொடாத சுவர் வழியே எல்லோருக்கும் கேட்டது. அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது. வீட்டுப் பிள்ளை எடுத்தால் அது களவு இல்லை போலிருக்கிறது. பூட்டு நல்ல பூட்டு என்று மட்டும் சாயங்காலம் வருத்தப்பட்டார்.

பாதை திறந்த அன்று அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு நின்றாள். அதுதான் இல்லையென்று ஆகிவிட்டதே, ஏன் போகிறீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"களவாணின்னு சொன்ன வாயி, இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லல தாயி," என்றாள். "அதுக்காகத்தான் இம்புட்டு நாளும் நின்னு பாத்தேன்."

ஜீப்பு வளைவில் மறையும்வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஏலத்தன்று பெரியவர் புதுப் பூட்டின் சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்து, எப்போதும் போல என் கணவரிடமே கொடுத்துவிட்டுப் போடிக்கு இறங்கினார். என் கணவர் அதைக் கொண்டுவந்து அடுப்புமேடையில் என் பக்கத்தில் வைத்தார். நீயே வச்சிக்க என்றார். மீதிப் படத்தைப் பார்க்கலாமா என்றும் கேட்டார். நான் சாவியையும் தொடவில்லை, போனையும் தொடவில்லை. அன்று எடுத்த பச்சைக்காய் ஸ்டோர் வாசலில் சாக்குக்குள்ளேயே வேர்த்துக் கிடந்தது. தீ மூட்ட ஆளில்லை.