விசிறி ஓய்ந்த மதியம்

மலைப்பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஹெர்மினாவுக்கு, முதல் அறுவடையிலேயே பட்டப்பெயர் கிடைத்துவிட்டது: மெழுகுவத்தி. உருளைக்கிழங்கு எடுக்கப் போனாலும், கையில் எரியும் மெழுகுவத்தி இல்லாமல் அவள் நிலவறைப் படி இறங்கமாட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பீப்பாய்களில் திராட்சைச் சாறு நொதிக்கும் இலையுதிர் காலத்தில் நிலவறையில் கெட்ட காற்று தேங்கும். சுடர் அணைந்தால் ஆள் திரும்பிவிட வேண்டும். அவள் கணவன் அலோய்ஸின் சித்தப்பா திரும்பாமல் விழுந்தார். அவரைத் தூக்கப் போன பெரியப்பாவும் விழுந்தார். ஒரே நாளில் வீட்டிலிருந்து இரண்டு சவப்பெட்டிகள் போயின. அதைக் கேட்ட அன்றே அவள் மெழுகுவத்தியைக் கையில் எடுத்தாள்.

பிறகு மின்விளக்கு வந்தது; கெட்ட காற்றை வெளியே தள்ளும் விசிறி வந்தது. மெழுகுவத்தி இழுப்பறைக்குப் போயிற்று. நிலவறைக்கு மேலே இருந்த பழைய கொட்டகையை வெள்ளையடித்து, ஒயின் ருசி பார்க்க வருகிறவர்களுக்கு மேசை போட்டார்கள். அலோய்ஸ் பேசிப் பேசி ஊற்றுவான். ஹெர்மினா ரொட்டி அறுப்பாள்.

அந்த அக்டோபர் மதியம் வியன்னாவிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். ரொட்டித் தட்டோடு திரும்பிய ஹெர்மினா வாசலிலேயே நின்றுவிட்டாள். அறையில் சத்தமே இல்லை.

"விசிறி என்னாச்சு?"

"அந்த இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழலன்னேன், ஒங்க வீட்டுக்காரர் அணைச்சுட்டார்," என்றார் வியன்னாக்காரர். "பழைய பாட்டில் ஒண்ணு இருக்குன்னு கீழ போனார். ஆளையே காணோம். அவரே காலி பண்றார் போல."

அவர் மனைவி சிரித்தாள். ஹெர்மினா தட்டை வைத்துவிட்டு விசிறியைப் போட்டாள். நிலவறைக் கதவைத் திறந்தாள். கீழே விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில், அடிப்படிகளில் முகம் சாய்த்துக் கிடந்தான் அலோய்ஸ். பாட்டில் இன்னும் கையில் இருந்தது.

"நகருங்கம்மா, நான் தூக்கிட்டு வரேன்," என்று ஓடி வந்தார் வியன்னாக்காரர்.

அவள் இரண்டு கைகளாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்தாள். "போகக் கூடாது."

"வெளக்கு நல்லாத்தானே எரியுது?"

"வெளக்குக்கு மூச்சு வேண்டாம். ஒங்களுக்கு வேணும். தீயணைப்புக்குப் போன் போடுங்க. நிலவறையில ஆள் விழுந்துட்டார், முகமூடியோட வாங்கன்னு சொல்லுங்க. நீங்க வாசக் கதவத் தொறங்கம்மா."

"அது ஒங்க வீட்டுக்காரர்," என்றாள் அந்தப் பெண், அழுகையோடு.

"தெரியும்."

அவள் நிலையைப் பிடித்திருந்தது வியன்னாக்காரருக்காக மட்டும் அல்ல. அவளுடைய கால்களே படியை நோக்கித்தான் இழுத்தன. விரல்கள் வெளுத்துப் போக, கீழே பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். "அலோய்ஸு, தலையத் தூக்கு. கேக்குதா? தூக்குடா."

விசிறி மட்டும் இரைந்தது.

தீயணைப்பு என்றால் ஊர்க்காரர்கள்தான். ரொட்டிக்கடைக்காரரும் அவர் மருமகனும் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி, அவனைத் தூக்கி வந்தார்கள். ஹெர்மினா அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். மூக்கருகே கன்னத்தை வைத்துக் காத்திருந்தாள். மெலிதாகச் சூடு பட்டது.

"மூச்சு இருக்கு," என்றாள்.

கெட்ட காற்று தரையோடுதான் கனமாகத் தேங்கும்; முகம் தரையில் படாமல் படியில் இருந்ததால் பிழைத்தான் என்றார் மருத்துவர். பேச்சு மட்டும் கொஞ்சம் மெதுவாயிற்று. விருந்தினர்களுக்கு அதுவும் நல்லதுதான்.

அடுத்த இலையுதிர் காலத்தில் யாரோ கேட்டார்கள்: "அந்த விசிறியக் கொஞ்சம் நிறுத்தலாமா?"

"மெழுகுவத்தியம்மாகிட்ட கேளுங்க," என்று அலோய்ஸ் மனைவியைக் காட்டினான்.

"கத்திப் பேசுங்க," என்றாள் ஹெர்மினா. இழுப்பறையைத் திறந்து, மெழுகுவத்தியை ஏற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் இறங்கினான். திரும்பி ஏறும் காலடி கேட்கும்வரை அவள் ரொட்டியில் கத்தி வைக்கவில்லை.