புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் இரண்டு லாரிகள்

"வெள்ளிக்கிழமை எழுதியது" என்று தொடங்குகிறது அந்தக் கடிதம். எந்த வெள்ளிக்கிழமை என்று இல்லை. பகாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருந்த என் தங்கை பாக்கியத்துக்காக அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி யாரையோ பிடித்து எழுத வைத்தது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, எழுந்து நடக்க முடியவில்லை, வந்து கூட்டிப்போய் சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று இருந்தது. என் கைக்கு வந்த நாள் 1944 ஜூலை 9, ஞாயிறு என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. உறையின் முத்திரை வெறும் மைக்கறை. அவள் எத்தனை நாளாகப் படுத்திருக்கிறாள் என்று கணக்கிட வழியே இல்லை. அவள் புருஷனை முந்தைய ஆண்டே ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தது லுக்குட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கிருந்து சிரம்பான், கோலப்பிலா வழியாகப் பகாவ் ஐம்பது மைலுக்குச் சற்று மேல். வெள்ளைக்காரன் காலத்தில் காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்கு அங்கே. கெமாஸைச் சுற்றி ரயிலிலும் போகலாம். ஆனால் ஸ்டேஷனில் நிற்கும் ஆம்பிளையைப் பிடித்து சயாம் வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. எனவே லாரி. அனுமதிச் சீட்டு மூன்று நாளுக்குக் கிடைத்தது. அதில் ஜப்பான் கணக்குப்படி ஆண்டு 2604 என்று போட்டிருந்தது. நேரம் தோக்கியோ நேரம், நம் பழைய கடிகாரத்துக்கு ஒன்றரை மணி முன்னால். எந்த ஆண்டில், எந்த மணிக்குப் பயணம் செய்கிறோம் என்பதே மொழிபெயர்க்க வேண்டிய விஷயமாகிவிட்டது.

ஜூலை 11, செவ்வாய். உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பகாவ் போகும் காசிம் நானாவின் லாரியில் இடம் கிடைத்தது. கூலி முப்பது வெள்ளி, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு. லாரி அமெரிக்க வண்டி. எட்டு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல்தான் இல்லை. ஆகவே ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு. அதில் சதுப்புநில மரத்துக் கரியை எரித்து, அந்த வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்கு அனுப்புகிறார்கள். கிளம்புமுன் அரை மணி நேரம் அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். முப்பது வெள்ளி கொடுத்த நான்தான் சுற்றினேன்.

சமதரையில் பறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிரம்பான் வரை காசிம் நானா தன் வண்டியின் புகழ் பாடினார். கெட்டுப்போகிற சரக்கு, லேசான சரக்கு, கடற்கரை ரோடு என்றால் இதை அடிக்க லாரி இல்லையாம். இங்கிலாந்து டீசல் லாரிகளைப் பற்றிக் கேட்டேன். "அது லாரி இல்ல கிராணி, ரோடு உருளை," என்றார். "மீன ஏத்துனா கருவாடாத்தான் எறக்கணும்."

சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் நடுவே புக்கிட் புத்துஸ் மலை. மூன்றாவது வளைவில் எட்டு சிலிண்டரும் மூச்சை விட்டன. கரிவாயுவில் பெட்ரோலின் பாதிப் பலம்கூடக் கிடைக்காது என்று அப்போதுதான் சொன்னார். ஏறுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள்: பாதி மூட்டைகளை இறக்கிக் காட்டோரம் வைப்பது, மீதியோடு வண்டியைத் தள்ளுவது, நான்கு அடி ஏறினதும் ஒருவன் சக்கரத்தடியில் கட்டை போடுவது, உச்சிக்குப் போய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து மிச்சத்தை ஏற்றுவது. கட்டை போடும் வேலை எனக்கு. பிரயாண நூல்கள் நிறையப் படித்திருக்கிறேன். வாடகை கொடுத்த வாகனத்தை இரண்டு தடவை மலையேற்றியவனைப் பற்றி எதிலும் கண்டதில்லை.

ஜூலை 12, புதன். பகாவிலிருந்து நடந்து தோட்டம் சேர்ந்தேன். பாக்கியம் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பாயோடு பாயாகக் கிடந்தாள். கண் மஞ்சள், உடம்பு அனல். "வந்துட்டியாண்ணே" என்று மட்டும் சொன்னாள். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்து தோட்டத்தில் தீர்ந்துபோய் மாதக்கணக்காகிறது. சிரம்பான் போய்ச் சேர்ந்தால்தான் பிழைப்பாள்.

தோட்டத்து லாரி மறுநாள் ரப்பர் ஷீட்டுகளோடு சிரம்பான் போவதாக இருந்தது. ராணுவத்துக்குப் போகும் சரக்கு. ஓட்டுநர் சின்னப்பன் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். அது காசிம் நானா பழித்த அதே இங்கிலாந்து டீசல், நான்கு சிலிண்டர். டீசலுக்குப் பதில் செம்பனை எண்ணெய். ஐம்பது பிக்குல் ஷீட்டோடு, அதாவது மூன்று டன் பாரத்தோடு, எந்த மலையும் நிற்காமல் ஏறும் என்றார். கரி லாரியைப் பற்றிக் கேட்டபோது, "அது அடுப்புலா, அதுல சோறு வேணா ஆக்கலாம், அரிசி இருந்தா," என்றார்.

ஜூலை 13, வியாழன். விடியற்காலைக் குளிரில் எண்ணெய் நெய்யைப்போல் உறைந்து கிடந்தது. லாரியில் எண்ணெய்த் தொட்டியாகப் பொருத்தியிருந்த பீப்பாய்க்கு அடியில் நெருப்பு மூட்டி உருக்கினார்கள். சின்னப்பன் குச்சி விட்டுப் பார்த்தார், நிறைய இருந்தது. ஷீட்டுகளின் மேல் சாக்கு விரித்துப் பாக்கியத்தைக் கிடத்தினோம். இந்த லாரியின் புகையில் வடை சுடும் வாசனை வருகிறது. பட்டினி வயிற்றோடு வடை வாசனையில் இருபது மைல் போவது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கோலப்பிலா தாண்டி, மலையும் ஏறத் தொடங்கி, யானைபோல் போய்க்கொண்டிருந்தது. உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கையில் இருமிற்று, குலுங்கிற்று, நின்றது. சின்னப்பன் பீப்பாயின் அடிக்குழாயைத் திறந்தார். எண்ணெய் வரவில்லை. வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ வந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார்.

"மரவள்ளிக் கஞ்சி," என்றார்.

மேலே சாக்கில் கிடந்த பாக்கியம் சின்னப்பனிடம் அழுதாள். "அண்ணே, திட்டாதீங்க. லயத்துல எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி எண்ணெ எடுத்தாங்க. எனக்கும் அதுலதான் கெழங்கு சுட்டுக் குடுத்தாங்க. கொறஞ்சது தெரியக்கூடாதுன்னு கெழங்கு அவிச்ச தண்ணிய ஊத்துனாங்க. எண்ணெ மேலதான நிக்கும்?"

எண்ணெய் மேலேதான் நின்றது. குச்சியும் நனைந்துதான் வந்தது. சமதரையில் கஞ்சி அடியில் சும்மா கிடந்திருக்கிறது. ஏற்றத்தில் பீப்பாய் சாய்ந்ததும் எஞ்சினுக்குப் போகும் குழாய் வாய்க்கு வந்துவிட்டது. அவள் உயிரைப் பிடித்துவைத்த எண்ணெய் அவளை நடுமலையில் நிறுத்தியது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சக்கரத்தை உதைத்தேன்.

"எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி," என்றார் சின்னப்பன். "பச்சத் தண்ணி ஊத்தியிருந்தாத் தொறந்து விட்டுட்டுப் போயிருவேன். கஞ்சியால்ல ஊத்திட்டீங்க. பம்பு பூரா பச. கழட்டிக் கழுவ நாளைக்கு ஆயிரும்."

பாக்கியத்துக்குக் குளிர் நடுக்கம் வந்தது. என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். கீழ் வளைவில் கரிப்புகை தெரிந்தது. திரும்பு சரக்கு கிடைக்காமல் காலி வண்டியாக வந்த காசிம் நானா. "என்ன, ரோடு உருளை உருளலையா?" என்று தொடங்கினார். காலி லாரி ஓட்டுறவனுக்கு வாய் மட்டும் லோடு என்றார் சின்னப்பன். ஏற்றத்துக்கு எது, இறக்கத்துக்கு எது என்று இருவரும் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாடினார்கள். நான் கத்திய பிறகுதான் காசிம் நானா மேலே கிடந்தவளைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டுத் தன் இருக்கையில் லுங்கியை மடித்துப் போட்டார்.

சரக்கை விட்டுச் சின்னப்பன் வர முடியாது. தாமதத்துக்கு ஜப்பான்காரனிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் லயமே அடி வாங்கும்.

"தார்ப்பாய் வழியா மழத்தண்ணி எறங்கிருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"மழையே பேயலையே."

"நீங்க தேதி போட்டு எழுதுறவராமே. மழன்னு எழுதிருங்க கிராணி."

காலி லாரி, தள்ளாமலே, முக்கி முனகி உச்சி ஏறியது. இறக்கத்தில் கரி தேவைப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரி. பாக்கியம் பிழைத்தாள், ஆகஸ்டில் நடந்தாள். என்னைக் கேட்டால், பாரத்துக்கும் மலைக்கும் டீசல், சமதரைக்கும் அவசரத்துக்கும் அமெரிக்க வண்டி. நோயாளிக்கு எது காலியாக வருகிறதோ அது.

அன்றைய குறிப்பில் "புக்கிட் புத்துஸில் கனமழை" என்று எழுதியிருக்கிறேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. சிரம்பானில் அந்த மழையை நம்பினார்களா என்பது தெரியாது. சின்னப்பனை வெயிலில் மண்டியிட வைத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். அவர் கெமாஸில் மரம் ஏற்றும் வேலையில் இருப்பதைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். இருவருமே நேரில் கண்டவர்கள் அல்லர் என்பது பிறகு தெரிந்தது. சின்னப்பன் என்ன ஆனார் என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.